வரி பாக்கி வீடுகள்: மலிவு எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் 500 டாலருக்கு வீடு வாங்கலாம் என்று சொல்லும் காணொளிகளும், அதற்கெனக் கட்டணம் பெற்று நடத்தப்படும் பயிற்சி வகுப்புகளும் இணையத்தில் ஏராளம். அந்நாட்டில் குடியேறியுள்ள என் பழைய மாணவர்கள் சிலரும் இதுபற்றி என்னிடம் கேட்டதுண்டு. செய்தி பொய்யன்று. சொத்து வரி செலுத்தப்படாத வீடுகளையும் மனைகளையும் அங்குள்ள உள்ளாட்சி அமைப்புகள் ஆண்டுதோறும் பகிரங்க ஏலத்தில் விற்கின்றன. சில ஊர்களில் தொடக்க விலை 500 டாலராகவே இருந்திருக்கிறது. ஆனால், ஒரு பொருள் நம்ப முடியாத மலிவில் கிடைக்கும்போது, விடுபட்ட விலையை யார் செலுத்தினார்கள் என்று கேட்பது பொருளியலின் தொடக்கப் பாடங்களுள் ஒன்று. அந்தக் கேள்வியோடு இந்த ஏலத்தை அணுகினால், முதலீட்டு வாய்ப்பாகக் காட்டப்படும் ஒன்று உண்மையில் ஒரு பொதுக்கொள்கைச் சிக்கல் என்பது புலப்படும்.

ஏன் இந்த ஏலம்?

அமெரிக்காவில் பள்ளிகள், காவல், தீயணைப்பு, நூலகம் ஆகியவற்றின் செலவில் பெரும்பங்கைச் சொத்து வரியே தாங்குகிறது. நம் மாவட்டத்தைப் போன்ற ஆட்சி அலகான கவுண்டியின் கருவூல அதிகாரி பல மாநிலங்களில் இவ்வரியின் பாக்கியை வசூலிக்கிறார். வரி நிலுவை, அச்சொத்தின்மீதான முதல் உரிமைக் கோரிக்கையாகும். வங்கியின் அடமானக் கடன்கூட அதற்கு அடுத்த நிலையில்தான் நிற்கும். வரி செலுத்தாதவரை உள்ளாட்சி அமைப்பு காலவரையின்றி விட்டுவைத்தால், அவருடைய சுமை ஒழுங்காகச் செலுத்தும் அண்டை வீட்டாரின் தலையில் விழும். ஆகவே வசூலிக்கும் அதிகாரம் தேவை என்பதில் ஐயமில்லை. அந்த அதிகாரத்தின் எல்லை எது என்பதே கேள்வி.

இரண்டு வழிகள்

ஏல முறைகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்டாலும், அவற்றைப் பொதுவாக இரண்டாகப் பகுக்கலாம்.

முதல் முறையில் வீடு விற்கப்படுவதில்லை. வரி பாக்கியை வசூலிக்கும் உரிமை மட்டும் சான்றிதழாக விற்கப்படுகிறது. முதலீட்டாளர் வரித் தொகையை உள்ளாட்சிக்குக் கட்டிவிடுகிறார். பின்னர் உரிமையாளரிடமிருந்து அதை வட்டியுடன் பெறுகிறார். ஃபுளோரிடாவில் ஏலம் 18 சதவீத வட்டியில் தொடங்கிக் கீழிறங்கும். மிகக் குறைந்த வட்டி கேட்பவருக்கே சான்றிதழ். இரண்டு ஆண்டுகள் கடந்தும் பாக்கி தீராவிட்டால், சான்றிதழ் வைத்திருப்பவர் வீட்டையே ஏலத்துக்குக் கொண்டுவர விண்ணப்பிக்கலாம். ஏழு ஆண்டுகளுக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால் சான்றிதழ் காலாவதியாகும். அரிசோனாவில் இந்த வட்டியின் உச்சவரம்பு 16 சதவீதம்.

இரண்டாம் முறையில் சொத்தே விற்கப்படுகிறது. மிச்சிகனில் 1999-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வரி பாக்கி மூன்றாம் ஆண்டை எட்டும்போது நீதிமன்ற ஆணையின் வழியாகச் சொத்து கவுண்டியின் கைக்கு மாறுகிறது. மார்ச் 31-ஆம் தேதிக்குள் பணம் கட்டாதவரின் உரிமை அன்றோடு முடிகிறது. அதன்பின் முதல் ஏலத்தில் வரியும் வட்டியும் செலவும் சேர்ந்த தொகை குறைந்தபட்ச விலையாக இருக்கும். அதில் விலை போகாதவை இரண்டாம் ஏலத்துக்கு வரும். காணொளிகளில் வரும் 500 டாலர் வீடு, டெட்ராய்ட் நகரம் அமைந்துள்ள வேய்ன் கவுண்டியின் இந்த இரண்டாம் ஏலத்தைச் சேர்ந்தது. டெக்சாஸ் மாநிலமோ விற்றபின்னும் மீட்புரிமை தருகிறது. குடியிருந்த வீட்டையும் விவசாய நிலத்தையும் பழைய உரிமையாளர் இரண்டு ஆண்டுகளுக்குள் திரும்பப் பெறலாம். முதல் ஆண்டில் மீட்டால் 25 சதவீதமும், இரண்டாம் ஆண்டில் மீட்டால் 50 சதவீதமும் வாங்கியவருக்குக் கூடுதலாகத் தர வேண்டும்.

வாங்குபவருக்குக் கிடைப்பது என்ன?

வழக்கமான விற்பனையில், சொத்தின் உரிமைக்கு விற்பவர் உறுதியளிப்பார். வரி ஏலத்தில் கவுண்டி அத்தகைய உறுதி எதையும் தருவதில்லை. தன்னிடம் உள்ள உரிமையை, அது எத்தன்மையதாக இருப்பினும், உள்ளவாறே மாற்றிக் கொடுக்கிறது. நம் பதிவுத்துறை வழங்கும் வில்லங்கச் சான்றைப் போன்ற அரசுச் சான்றுக்கு மாறாக, அங்கு சொத்துரிமைக்குத் தனியார் காப்பீட்டு நிறுவனங்களே பாதுகாப்பளிக்கின்றன. ஏலத்தில் வாங்கிய சொத்துக்கு அந்நிறுவனங்கள் உடனே காப்பீடு தரத் தயங்கும். உரிமையை உறுதிசெய்யத் தனி வழக்கு தொடுத்துத் தீர்ப்புப் பெற வேண்டியிருக்கும்.

ஏலத்துக்கு முன் வீட்டின் உள்ளே சென்று பார்க்கப் பெரும்பாலும் அனுமதியில்லை. உள்ளே குடியிருப்போர் இருந்தால், அவர்களை வெளியேற்ற நீதிமன்றம் செல்வது வாங்கியவரின் பொறுப்பு. ஃபுளோரிடாவில் நகராட்சிக்குரிய அபராதப் பாக்கிகள் ஏலத்துக்குப் பின்னும் சொத்தைத் தொடரும். முந்தைய உரிமையாளர் மத்திய அரசுக்கு வருமான வரி பாக்கி வைத்திருந்தால், சில வகை விற்பனைகளில் மத்திய வருவாய்த் துறை 120 நாள்களுக்குள் சொத்தை மீட்டுக்கொள்ள முடியும். எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமையாளருக்கு முறையான அறிவிப்பு சென்று சேர்ந்ததா என்ற கேள்வி உண்டு. அனுப்பிய பதிவு அஞ்சல் பெறப்படாமல் திரும்பி வந்ததை அறிந்தும் அரசு வேறு முயற்சி எடுக்காமல் விற்றது தவறு என்று, ஆர்கன்சா மாநில வழக்கொன்றில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2006-இல் தீர்ப்பளித்தது. அறிவிப்பில் குறையிருந்தால் விற்பனையே கேள்விக்குள்ளாகும்.

எந்த வீடுகள் ஏலத்துக்கு வருகின்றன?

ஒரு வீட்டுக்கு நல்ல மதிப்பு இருக்கிறது. அதன்மீது வங்கிக் கடனும் இருக்கிறது என்று கொள்வோம். வரி ஏலத்தில் தன் அடமான உரிமை அழிந்துவிடும் என்பதால், வங்கியே பாக்கியைக் கட்டிவிடும். பெரும்பாலான கடன்களில் மாதத் தவணையோடு வரியையும் சேர்த்து வசூலித்து வங்கியே செலுத்திவிடுவதும் உண்டு. ஆகவே, கடன் உள்ள நல்ல வீடு வரி ஏலம் வரை வருவது அரிது. அப்படியானால் ஏலத்துக்கு வருபவை எவை?

முதல் வகை, யாருக்கும் வேண்டாதவை: இடிந்தவை, எரிந்தவை, வீடு கட்ட முடியாத துண்டு நிலங்கள். இரண்டாம் ஏலத்துக்கு வரும் ஒரு வீட்டை உரிமையாளர், கடன் கொடுத்தவர், முதல் ஏலத்தில் பங்கேற்றோர் என அனைவரும் ஏற்கெனவே வேண்டாமென்று ஒதுக்கியிருக்கக்கூடும். 500 டாலர் என்ற அந்த விலையே ஓர் எச்சரிக்கை.

இரண்டாம் வகை, நல்ல வீடுகள். ஆனால் காக்க ஆளில்லாதவை. கடனை முழுதாக அடைத்துவிட்டதால் வங்கியின் கண்காணிப்பு நீங்கிய முதியோரின் வீடுகள். பெற்றோர் இறந்தபின் பெயர் மாற்றப்படாமல் பிள்ளைகள் குடியிருக்கும் வீடுகள். நோயிலோ மறதியிலோ அறிவிப்புகளைப் பிரிக்காமல் விட்டவர்களின் வீடுகள். உண்மையான லாபம் கிடைப்பது இந்த இரண்டாம் வகையில்தான். அந்த லாபம் உழைப்பால் உருவான புது மதிப்பன்று. ஒருவரின் வாழ்நாள் சேமிப்பு இன்னொருவரின் கைக்கு இடம் மாறுவதே.

தலைநகர் வாஷிங்டனில் நடந்ததை அங்குள்ள வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2013-இல் விரிவாக வெளியிட்டது. 134 டாலர் வரி பாக்கிக்காக, ஏறத்தாழ 2 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டை முதிய முன்னாள் படைவீரர் ஒருவர் இழந்திருந்தார். சிறு பாக்கியின்மேல் முதலீட்டாளரின் சட்டச் செலவுகள் அடுக்கடுக்காக ஏறியதே காரணம். போட்டி ஏலம் வட்டியைக் குறைக்கும் என்ற வாதமும் எப்போதும் செல்லுபடியாவதில்லை. நியூ ஜெர்சியில் முதலீட்டாளர்கள் தமக்குள் பேசிவைத்துக்கொண்டு போட்டியைத் தவிர்த்ததை மத்திய நீதித்துறை கண்டறிந்து வழக்குத் தொடர்ந்தது. பலர் குற்றத்தை ஒப்புக்கொண்டனர்.

டெட்ராய்ட் தரும் பாடம்

வரியே தவறாகக் கணக்கிடப்பட்டிருந்தால்? டெட்ராய்டில் அதுதான் நிகழ்ந்தது. சொத்தின் வரி மதிப்பீடு சந்தை விலையில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது மிச்சிகன் அரசியலமைப்பின் விதி. 2008-ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் அந்நகரில் வீட்டு விலைகள் சரிந்தன; மதிப்பீடுகள் அதற்கேற்பக் குறைக்கப்படவில்லை. 2013-இல் நகராட்சியே திவால் நிலையை அறிவித்தது. 2010 முதல் 2016 வரை வீட்டு உரிமையாளர்களிடம் குறைந்தது 60 கோடி டாலர் மிகையாக விதிக்கப்பட்டதாக டெட்ராய்ட் நியூஸ் நாளிதழ் 2020-இல் கணக்கிட்டது. நகரம் முழுமைக்குமான மறுமதிப்பீடு 2017-இல்தான் நிறைவுற்றது. அதற்குள் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்திருந்தன. 2011 முதல் 2015 வரையிலான பறிமுதல்களை ஆராய்ந்த பெர்னடெட் அட்டுவாஹீனேயும் கிறிஸ்டோபர் பெர்ரியும், பத்தில் ஒரு பறிமுதல் சட்டத்துக்குப் புறம்பான மதிப்பீட்டின் விளைவு என்று கணித்தனர். மிகக் குறைந்த விலை வீடுகளில் இது நான்கில் ஒன்று.

வறுமையில் வாடும் உரிமையாளர்களுக்கு வரிவிலக்குப் பெறும் உரிமை அப்போதும் இருந்தது. ஆனால் அதை அறிந்தோர் குறைவு. விண்ணப்ப நடைமுறையோ கடினம். இதுதொடர்பான வழக்கு 2018-இல் சமரசமாக முடிந்தபோது, தகுதியுள்ள குடியிருப்போர் தம் வீட்டையே 1,000 டாலருக்குத் திரும்ப வாங்கும் வாய்ப்பு ஏற்பட்டது. வரியே விதிக்கப்பட்டிருக்கக் கூடாத வீட்டை விலை கொடுத்து மீட்பதுதான் நிவாரணம்!

இங்கு இன்னொரு பொருளியல் உண்மையும் உண்டு. மிச்சிகன் கவுண்டிகள், வசூலாகாத வரியை நகராட்சிக்கு முன்கூட்டியே கொடுத்துவிட்டு, பின்னர் வட்டியுடனும் கட்டணத்துடனும் வசூலிக்கின்றன. உடைமை இழப்பு நிலைக்கு நகர்ந்த பாக்கிக்கு மாதம் ஒன்றரை சதவீதம், அதாவது ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி. பாக்கி நீடிப்பதால் வசூலிப்பவருக்கே வருவாய் கிடைக்கிறது என்றால், பாக்கியைத் தடுக்கும் ஆர்வம் அவருக்கு எங்கிருந்து வரும்?

மிச்சத் தொகை யாருக்கு?

பாக்கிக்கு மேல் ஏலத்தில் கிடைத்த தொகையை அண்மைக்காலம் வரை மிச்சிகன் உட்பட ஏறத்தாழ ஒரு டஜன் மாநிலங்களில் உள்ளாட்சியோ முதலீட்டாளரோ தாமே வைத்துக்கொள்ள முடிந்தது. மிச்சிகனின் ஓக்லாந்து கவுண்டியில் 8.41 டாலர் வரிக்குறைவில் தொடங்கிய நிலுவைக்காக ஒரு வீடு 24,500 டாலருக்கு விற்கப்பட்டது. மிச்சம் முழுவதையும் கவுண்டியே எடுத்துக்கொண்டது. அது அரசியலமைப்புக்கு முரணானது என்று அம்மாநில உச்ச நீதிமன்றம் 2020 ஜூலையில் தீர்ப்பளித்தது.

மின்னசோட்டாவின் ஹென்னபின் கவுண்டியில், முதியோர் குடியிருப்புக்கு இடம்பெயர்ந்த மூதாட்டி ஒருவரின் அடுக்ககத்துக்கு வரி பாக்கி ஏறத்தாழ 2,300 டாலர். வட்டியும் அபராதமும் சேர்ந்து அது 15,000 டாலரானது. கவுண்டி வீட்டை 40,000 டாலருக்கு விற்று, மீதி 25,000 டாலரைத் தானே வைத்துக்கொண்டது. 2023 மே 25-ஆம் தேதி, தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதிய ஒருமனதான தீர்ப்பில், உரிய இழப்பீடின்றிச் சொத்தைப் பறிப்பதைத் தடைசெய்யும் அரசியலமைப்பு விதியின்கீழ் அவர் வழக்கைத் தொடரலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கூறியது. அப்போது அவருக்கு வயது 94.

ஆனால் தீர்ப்பு மட்டுமே பணத்தைத் திருப்பித் தந்துவிடாது. மிச்சிகனின் புதிய சட்டப்படி, வீடிழந்தவர் அதே ஆண்டு ஜூலை 1-ஆம் தேதிக்குள் உரிய படிவத்தில் தன் விருப்பத்தைத் தெரிவித்தாக வேண்டும். அப்போது ஏலம் முடிந்திருக்க வேண்டுமென்பதில்லை. மிச்சம் இருக்குமா என்பதே தெரியாது. மூன்று ஆண்டு அறிவிப்புகளைக் கவனிக்க இயலாமல் வீட்டை இழந்தவர், நான்காவது அறிவிப்பைப் படித்து மூன்று மாதங்களுக்குள் படிவம் நிரப்புவார் என எதிர்பார்ப்பது நடைமுறை அறிவாகாது.

செய்யத்தக்கவை

மாற்று வழிகள் இல்லாமலில்லை. மிச்சிகனின் ஃப்ளின்ட் நகரில், அப்போதைய கவுண்டிக் கருவூல அதிகாரி டான் கில்டியின் முயற்சியால் 2002-இல் நில வங்கி உருவானது. ஏலத்தில் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடாமல், கைவிடப்பட்ட சொத்துகளைப் பொது அமைப்பே ஏற்று, இடிக்க வேண்டியதை இடித்து, சீரமைக்கத்தக்கதைச் சீரமைத்து விற்கும் ஏற்பாடு இது. டெட்ராய்டின் நில வங்கி, வீட்டை ஒட்டிய காலி மனையை அண்டை வீட்டாருக்கு 100 டாலருக்கு விற்றது. அதுவும் மலிவு விலைதான், ஆனால் அந்த மலிவால் எவரும் வீடிழக்கவில்லை, தெருவும் தூய்மையாயிற்று.

இத்தகைய ஏலத்தில் பங்கேற்க எண்ணுவோருக்கு என் அறிவுரை சுருக்கமானது. அம்மாநிலச் சட்டத்தைப் படியுங்கள். சொத்தை நேரில் சென்று பாருங்கள். உரிமை வழக்கு, பழுதுபார்ப்பு, நடப்பு வரி ஆகிய செலவுகளை ஏல விலையோடு கூட்டுங்கள். உள்ளே யாரேனும் குடியிருக்கிறார்களா என்று கட்டாயம் விசாரியுங்கள். இருந்தால், அந்த மலிவின் விலையைச் செலுத்தப்போவது அவர்கள்தாம்.

அரசுகளுக்குச் சொல்ல வேண்டியது இன்னும் எளியது. குடியிருப்போரை ஏலத்துக்கு முன் நேரில் சந்தித்துத் தவணை வசதியும் வரிவிலக்கும் வழங்க வேண்டும். சிறு பாக்கிக்காக வீட்டைத் தொடவே கூடாது. ஏல மிச்சத்தைப் படிவம் கேட்காமல் உரியவரிடம் சேர்க்க வேண்டும். வரி வசூல் என்பது பாக்கியை வசூலிப்பது. அதற்கு மேல் எடுக்கும் ஒவ்வொரு டாலரும் வேறொருவரின் சொத்து.