மின்கலம் வகுத்த அளவு

விளையாட்டுப் பொருள்களின் வரலாற்றை எழுத்துலகம் பெரிதும் பொருட்படுத்துவதில்லை. ஆயினும், ஒரு போர் அடுத்த தலைமுறையின் கைக்கு எவ்வாறு போய்ச் சேர்கிறது என்பதை அறிய, பாடநூல்களைப் போலவே பொம்மைகளையும் நாம் பார்த்தாக வேண்டும். பிளாஸ்டிக் டாங்கி மாதிரிகள் அதற்கு நல்ல சான்று.

ஜப்பானின் ஷிசுவோக்கா நகரம் 1945 ஜூனில் அமெரிக்க விமானங்களின் குண்டுவீச்சில் எரிந்தது. அடுத்த ஆண்டே அங்கு யோஷியோ தமியா ஒரு மர வணிக நிறுவனத்தைத் தொடங்கினார். 1947 முதல் அது மரத்தாலான மாதிரிகளையும் செய்தது. 1951இல் தீ விபத்தில் மரக்கிடங்கு அழிந்தது. 1953இல் மர அறுவைத் தொழிலைக் கைவிட்டு மாதிரிகளிலேயே அது முழுமையாக இறங்கியது. பிளாஸ்டிக் மாதிரிகளின் வரவால் மரத்துக்கு மதிப்புக் குறைந்தபோது, 1960இல் யமாத்தோ போர்க்கப்பலைப் பிளாஸ்டிக்கில் வெளியிட்டது. போட்டி நிறுவனமொன்று அதே கப்பலை மலிவாக விற்றதால் அம்முயற்சி தோற்றது.

யோஷியோவின் மகன் ஷுன்சாகு தமியா அடுத்துத் தேர்ந்தது ஜெர்மனியின் பாந்தர் டாங்கி. நேர்கோடுகள் மிகுந்த அதன் உடலுக்கு அச்சு வெட்டுவது எளிது. மாதிரி மோட்டாரால் ஓடவேண்டும் என்பதால் மின்கலங்கள் உள்ளே அடங்கியாக வேண்டும். அவை அடங்கும்படி உடலை அமைத்தபோது, உண்மையான டாங்கியில் ஏறத்தாழ 35இல் ஒரு பங்கு என்ற அளவு அமைந்தது. இன்று உலகெங்கும் டாங்கி மாதிரிகளுக்கு இலக்கணமாகிவிட்ட 1/35 அளவு பிறந்த கதை இதுவே. உண்மையான பாந்தரில் ஐந்து வீரர்கள் இருப்பார்கள். மாதிரியில் அவர்களுடைய இடத்தை மோட்டாரும் மின்கலமும் எடுத்துக்கொண்டன. பெட்டியின் மேல் ஷிகெரு கொமாத்ஸுசாக்கி தீட்டிய ஓவியத்தில் போர் ஒரு வீரசாகசமாகத் தெரிந்தது. அந்த டாங்கி எந்த ஆட்சிக்காகப் போரிட்டது என்பதற்குப் பெட்டியில் இடமில்லை.

இந்த மௌனத்தை வண்ணம் தீட்டுவோர் ஓரளவு கலைத்தார்கள் என்றே நாம் கருதுகிறோம். பாந்தரின் சரியான நிறம் எது என்ற கேள்வி அவர்களை ஆவணங்களுக்கு இட்டுச்சென்றது. 1943 தொடக்கத்தில் ஜெர்மன் படை அடர்மஞ்சளை அடிநிறமாக ஆக்கியது. பச்சையும் செம்பழுப்பும் குழைவாகப் படைப்பிரிவுகளுக்கு அனுப்பப்பட்டன. வீரர்கள் அவற்றைத் தண்ணீரிலோ பெட்ரோலிலோ, கைக்குக் கிடைத்ததில் கரைத்துத் தெளித்தார்கள். எனவே ஒன்றைப்போல் மற்றொன்று இருக்கவில்லை. துல்லியத்தைத் தேடிச் சென்றவர்கள் கண்டது, களத்தில் நின்ற மனிதர்களின் கைவேலையை.

அதன்பின் தூரிகையின் பணியும் மாறியது. நீர்த்த கரும்பழுப்பை இடுக்குகளில் ஓடவிட்டு அழுக்கைக் காட்டினார்கள். ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் விளிம்புகளைத் தொட்டுத் தேய்மானத்தைக் காட்டினார்கள். வீரர்கள் ஏறி இறங்கும் மூடிகளைச் சுற்றி வண்ணத்தைச் சற்றே உரித்தார்கள். 1968இல் தமியா அதே 1/35 அளவில் ஜெர்மன் டாங்கி வீரர்களின் உருவங்களையும் வெளியிட்டது. இவற்றால் போர் விளங்கிவிடும் என்று நாம் சொல்லவில்லை. சேறும் துருவும் வெறும் அழகாகவே நின்றுவிடக்கூடும். எனினும், ஒரு மூடியின் விளிம்பு ஏன் தேய்ந்தது என்று கேட்கும் சிறுவன், அதன் வழியே உள்ளே இறங்கியவர்களைப் பற்றியும் ஒருநாள் கேட்பான். அப்போது அவனுக்குக் கொடுக்க நம்மிடம் வரலாறு இருக்கவேண்டும்.