கொப்பூழ்க்கொடிக் குருதியும் அதன் வாணிகமும்

குழந்தை பிறந்ததும் நஞ்சுக்கொடியை மண்ணில் புதைப்பதும், உலர்ந்து உதிர்ந்த கொடித்துண்டைத் தாயத்தில் அடைத்து அரையில் கட்டுவதும் தமிழ்க் குடும்பங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கங்கள். இத்தாயத்தைக் காட்டி, கொடிக்குருதியின் அருமையை நம் முன்னோர் அன்றே அறிந்திருந்தனர் என்று சிலர் மேடைகளில் முழங்கிவருகின்றனர். அது பொருந்தாத கூற்று. உலர்ந்த கொடியில் உயிருள்ள அணு ஒன்றேனும் எஞ்சுவதில்லை. தாயத்து தாயன்பின் அடையாளம்; அவ்வளவே. முன்னோர் பெருமையைப் பேசுதற்கு மெய்யான செய்திகள் பல உள. இதனை அவற்றோடு சேர்க்க வேண்டுவதில்லை.

கொப்பூழ் என்பது பரிபாடலிலேயே காணப்படும் பழஞ்சொல். இன்று தொப்புள் என்கிறோம். அக்கொடியிலும் நஞ்சிலும் எஞ்சி நிற்கும் குருதி, பல்லாயிரம் ஆண்டுகளாக எவராலும் பொருட்படுத்தப்படாமல் கழிவோடு கழிந்தது. அது விலைபெற்ற வரலாறு நாற்பது ஆண்டுகளுக்கும் உட்பட்டதே.

1988ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் பாரிசு நகரத்துச் செயின்ட் லூயி மருத்துவமனையில், எலியான் குளூக்மன் என்னும் பெண் மருத்துவர் ஐந்து அகவைச் சிறுவன் ஒருவனுக்குப் புதுமுறை மருத்துவம் ஒன்றைச் செய்தார். அமெரிக்கனாகிய அச்சிறுவனை ஃபான்கோனி சோகை என்னும் பரம்பரை நோய் பற்றியிருந்தது. எலும்பினுள் இருக்கும் மச்சை குருதியை ஆக்கும் ஆற்றலை இழந்துவிடுவது அந்நோயின் இயல்பு. அவனுக்குத் தங்கை பிறந்தபோது அவளுடைய கொடிக்குருதியைச் சேர்த்து, இந்தியானாவில் ஹால் பிராக்ஸ்மையர் என்னும் ஆய்வாளர் உறைநிலையில் காத்து வைத்திருந்தார். அது அட்லாண்டிக் மாகடலைக் கடந்து பாரிசை அடைந்தது. சிறுவன் உடலிற் செலுத்தப்பட்டது. அவன் பிழைத்தான், வளர்ந்து ஆளுமானான். கொடிக்குருதியில் குருதியைப் பிறப்பிக்கும் மூல உயிரணுக்கள் உண்டென்பதும், அவை மச்சைக்கு மாற்றாகும் என்பதும் இதனால் உறுதிப்பட்டன.

ஈண்டு ஒன்றை மறத்தலாகாது. அச்சிறுவனைக் காத்தது தங்கையின் குருதி, அவனுடையதன்று. அவன் பிறந்தபோதே அவன் குருதியைச் சேர்த்து வைத்திருந்தாலும் பயன் விளைந்திராது. பரம்பரைக் குறை அக்குருதியிலும் இருந்திருக்கும் அன்றோ?

இதன்பின் இரண்டு வழிகள் பிறந்தன. நியூயார்க் குருதி நிலையத்தில் பாப்லோ ரூபின்ஸ்டைன் 1990களின் தொடக்கத்தில் பொதுச் சேமிப்பகம் ஒன்றை நிறுவினார். தாய்மார் குருதியைக் கொடையாக அளிப்பர். பொருத்தம் உள்ள எந்த நோயாளிக்கும் அது சென்று சேரும். மற்றது தனியார் வழி. பெற்றோர் பணம் செலுத்துவர்; குருதி அவர்கள் குழந்தைக்கே உரியதாய் உறைந்து கிடக்கும். பிற நாடுகள் சிலவற்றில் பொதுச் சேமிப்பு முந்தியது. சிங்கப்பூரிலோ வாணிகமே முந்திக்கொண்டது. கார்ட்லைஃப் என்னும் தனியார் நிறுவனம் 2001ஆம் ஆண்டு தோன்றியது. பொதுமக்களுக்கான சிங்கப்பூர்க் கொடிக்குருதிச் சேமிப்பகம் 2005ஆம் ஆண்டிலேதான் எழுந்தது.

கார்ட்லைஃபின் வளர்ச்சி வியப்புக்குரியது. சிங்கப்பூரில் அந்நாளில் ஆண்டொன்றுக்குப் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ நாற்பதாயிரமே. அச்சிறு சந்தையை மட்டும் நம்பிப் பெரிதாக இயலாது என்பதை அந்நிறுவனத்தார் விரைவில் உணர்ந்தனர். ஹாங்காங், இந்தியா, இந்தோனேசியா, பிலிப்பீன்ஸ் ஆகிய இடங்களில் அவர்தம் பெயர் பரவியது. இந்தியக் கிளை கொல்கத்தாவைத் தலைமையிடமாகக் கொண்டது. 2012ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நிறுவனம் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் இடம்பெற்றது. மலேசியாவில் இதே தொழிலை நடத்திவந்த ஸ்டெம்லைஃபின் பங்குகளையும் பின்னர் வாங்கித் தன்பால் சேர்த்துக்கொண்டது.

வளர்ச்சியின் மறைபொருள் தொழிலின் அமைப்பிலேயே உள்ளது. கொடியை அறுத்தபின் அதன் நாளத்தில் ஊசியைச் செலுத்திக் குருதியைப் பையில் இறக்குவர். நூறு மில்லிலிட்டர் அளவு கிடைப்பதே பெரிது. தாய்க்கும் சேய்க்கும் நோவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேண்டாத நீரையும் செவ்வணுக்களையும் நீக்கி, உறைபனியால் அணுக்கள் சிதையாதவாறு மருந்து கலந்து, மெல்ல மெல்லக் குளிர்வித்து, நீர்ம நைட்ரஜன் கலனில் இடுவர். அந்நீர்மத்தின் குளிர் சுழியத்திற்குக் கீழ் 196 பாகை செல்சியசு. பெற்றோர் முதலில் ஒரு தொகையையும், குழந்தைக்கு 21 அகவை நிரம்பும்வரை ஆண்டுக் கட்டணத்தையும் செலுத்துவர். ஆகவே ஒருமுறை சேர்ந்த வாடிக்கையாளர் இருபத்தோராண்டு வருவாய். வேறெந்த வாணிகத்தில் இவ்வாய்ப்பு உண்டு?

வாங்குவோர் மனநிலையும் தனித்தன்மை வாய்ந்தது. பேறுகாலத்தை நெருங்கும் தாயிடம், ‘இவ்வாய்ப்பு வாழ்வில் ஒருமுறையே’ என்று சொன்னால் அவள் விலையைப் பாராள். குழந்தை தன் குருதியையே பின்னர்ப் பயன்படுத்த நேரும் வாய்ப்பு, முதல் இருபது ஆண்டுகளில் 2,500 பேரில் ஒருவர் முதல் இரண்டு இலட்சம் பேரில் ஒருவர் வரை என்று அமெரிக்க மருத்துவர் குழு ஒன்று 2008ஆம் ஆண்டு கணித்தது. உடன்பிறந்தார் எவரேனும் மாற்றுமச்சையால் தீரும் நோயுற்றிருந்தால் தனிச் சேமிப்பு அறிவுடைமையே. மற்றையோர்க்குப் பொதுக்கொடையே தக்கது என்பது அந்நாட்டுக் குழந்தை மருத்துவர் கழகத்தின் கருத்து. இதனை விளம்பர ஏடுகள் பெரிய எழுத்தில் அச்சிடுவதில்லை.

உடைமையாளர் என்றும் திறந்து பாராத பொருள் இது. பெட்டகத்து நகையை எடுத்துப் பார்க்கலாம். வங்கிப் பணத்தை எண்ணலாம். உறைந்த குருதியைச் சோதிக்க உருக்கினால் அதுவே அழியும். ஆகவே இவ்வாணிகம் முழுவதும் நம்பிக்கையின்மேல் நிற்பது. அந்நம்பிக்கைக்கு ஊறு விளைந்த நாள் 2023ஆம் ஆண்டு நவம்பர் 30. கார்ட்லைஃபின் 22 கலன்களில் ஏழு, 2020 நவம்பர் தொட்டு வெவ்வேறு காலங்களில் ஏற்கத்தக்க அளவினும் மிகுந்த வெப்பநிலைக்கு உட்பட்டன என்று சிங்கப்பூர்ச் சுகாதார அமைச்சு அன்று அறிவித்தது. ஒரு கலனில் மட்டும் ஏறத்தாழ 2,200 குருதிப் பைகள் கெட்டுப்போயின. வெப்பம் என்றதும் தீயை நினைக்க வேண்டா. சுழியத்திற்குக் கீழ் 150 பாகையைத் தாண்டி மேலேறினாலே இங்கு வெப்பந்தான். 2024ஆம் ஆண்டு ஏப்ரலில் மேலும் ஐயாயிரத்துக்கு மேற்பட்ட குடும்பங்களின் சேமிப்பு பயனற்றது என்று தெரியவந்தது.

இழப்பைப் பணத்தால் அளப்பது எளிது. கட்டணத்தைத் திருப்பித் தரலாம். ஆயின் குழந்தைக்கு மீண்டும் ஒரு கொடி முளைக்குமா? புதிய குருதியைப் பெறுவதை அமைச்சு நிறுத்திவைத்தது. 2024 செப்டம்பரில் கட்டுப்பாடுகளோடு மீளத் தொடங்க இசைவு கிடைத்தது. ஓராண்டு கழித்து, 2025 செப்டம்பரில், அமைச்சு மறுபடியும் குறைகளைச் சுட்டி, அச்சேவையை ஓராண்டு வரை நிறுத்திவைக்கும் தன் எண்ணத்தை அறிவித்தது.