வெள்ளரியை நிமிர்த்திய கண்ணாடிக் குழாய்

மேசையின்மீது ஒரு கண்ணாடிக் குழாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நீண்டது, நேரானது, உள்ளே ஒன்றும் இல்லாதது. எதிரே மூன்று அறிஞர்கள் அமர்ந்து அதனைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றனர். ஒருவர் விளக்கின் சிமினி என்கிறார். மற்றவர் பழைய வைத்தியர்களின் கருவியாக இருக்கலாம் என ஐயுறுகிறார். மூன்றாமவர் மீசையை நீவியபடி, இஃது இரசவாதிகளின் பாத்திரம் என்று உறுதியாகவே கூறிவிடுகிறார். பின்னர் விடை வெளிவருகிறது: வெள்ளரிக்காய் கோணாமல் வளர்வதற்காக அதன் பிஞ்சில் மாட்டும் குழாய்! அவை சிரிப்பால் அதிர்கிறது.

இத்தகைய வினா விளையாட்டுகளுக்கு மேலை நாட்டில் நீண்ட வரலாறு உண்டு. இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சி 1952 ஆம் ஆண்டில், ‘விலங்கா, தாவரமா, கனிமமா?’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. 1959 வரை அது நடைபெற்றது. பொருட்காட்சி சாலை ஒன்று தன்னிடமுள்ள விந்தைப் பொருள்களைக் கொடுக்கும். மூன்று வல்லுநர்கள் அவை இன்னவை எனக் கண்டு கூறவேண்டும். அதிற் பெரும்புகழ் ஈட்டியவர் சர் மார்ட்டிமர் வீலர். 1944 முதல் 1948 வரை நம் இந்தியத் தொல்பொருள் துறையின் தலைவராக இருந்தவர் இவரே. 1945 இல் புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டை அகழ்ந்து, அங்குக் கிடைத்த ரோமானிய மட்பாண்டத் துண்டுகளைக் கொண்டு அவ்வூரின் காலத்தைக் கணித்த பேரறிஞர். உடைந்த ஓட்டுத் துண்டிலிருந்து ஒரு துறைமுகத்தின் வாணிகத்தையே படித்தவர், அயலார் வீட்டுப் பழம்பொருளின் முன் திகைப்பதைக் காண மக்களுக்கு எவ்வளவு ஆனந்தம்! 1954 ஆம் ஆண்டின் சிறந்த தொலைக்காட்சி மனிதர் என்ற பட்டமும் அவருக்குக் கிடைத்தது.

2003 இல் அதே நாட்டில் ‘கியூ.ஐ.’ என்றொரு நிகழ்ச்சி தோன்றியது. எல்லோரும் சட்டெனச் சொல்லக்கூடிய தவறான விடையைப் பங்கேற்பவர் சொல்லிவிட்டால், நம் ஒர்க்‌ஷாப் சங்கு போல ஒன்று அலறும், மதிப்பெண்ணும் குறையும். நம் நாட்டில் 1972 இல் வானொலியில் தொடங்கிய போர்ன்விட்டா வினாப் போட்டியையும், 1985 இல் தூர்தர்ஷனில் வந்த ‘குவிஸ் டைம்’ நிகழ்ச்சியையும் நம் காலனிப் பெரியவர்கள் பலர் மறந்திருக்க மாட்டார்கள். அவை பள்ளிக்கூடத்துக்குச் சற்று நெருங்கியவை. சங்கு அலறும் விளையாட்டோ நகைச்சுவைக்கு நெருங்கியது.

கற்றவர் தடுமாறும்போது எழும் சிரிப்பை நாம் குறை கூறமாட்டோம். அதில் வஞ்சமில்லை, வீலரும் அதனை மகிழ்ந்தே ஏற்றார். ஆயினும் அதே சிரிப்பு மேசைமேல் உள்ள பொருளின்மீதும், அதனைச் செய்தவன்மீதும் வழிந்துவிடுகிறது. ‘இப்படியும் ஒரு பைத்தியக்காரனா!’ என்று வியந்துவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறார்கள். இரயில்வேயில் சம்பளம் வாங்கும் நமக்கு, அந்தக் கண்ணாடிக் குழாயை அவ்வளவு எளிதில் விட்டுவிட மனமில்லை. ஏனெனில் அதனைச் செய்வித்தவர் ஜார்ஜ் ஸ்டீவன்சன்.

ஆம், இரயில் பாதைகளின் தந்தை எனப் போற்றப்படும் அதே ஸ்டீவன்சன்தான். 1781 இல் வைலம் என்னும் சுரங்கக் கிராமத்திற் பிறந்தவர். தந்தையார் சுரங்க நீரிறைக்கும் எஞ்சினுக்கு நிலக்கரி தள்ளும் பயர்மேன். சிறுவன் ஜார்ஜ் முதலில் மாடு மேய்த்தான்; பின்னர் ஒரு பண்ணையில் நாளொன்றுக்கு நான்கு பென்னி கூலிக்கு டர்னிப் பாத்திகளிற் களை கொத்தினான். பள்ளிப் படிப்பு இல்லை. பதினெட்டு வயதான பின்பே எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றார். அவர்தான் 1825 இல் ஸ்டாக்டன் – டார்லிங்டன் பாதையையும், 1830 இல் லிவர்பூல் – மான்செஸ்டர் பாதையையும் அமைத்தார்.

1838 இல் செஸ்டர்ஃபீல்டு நகருக்கு மேலே ஒரு குன்றின்மீது இருந்த டாப்டன் மாளிகைக்கு அவர் குடியேறினார். வயது ஐம்பத்தேழு. ஓய்வு கிடைக்கக் கிடைக்கத் தோட்டத்தின்மீது பித்துக் கொண்டார். வெந்நீர்க் குழாய்களால் வெப்பமூட்டிய கண்ணாடி வீடுகளை எழுப்பி, அக்குளிர் நாட்டில் அன்னாசியும் திராட்சையும் முலாம்பழமும் விளைவித்தார். அருகிலிருந்த சாட்ஸ்வொர்த் மாளிகையில் டெவன்ஷயர் கோமகனின் தோட்டத்தை நிருவகித்தவர் ஜோசப் பாக்ஸ்டன். பின்னாளில் 1851 இல் லண்டனில் பளிங்கு மாளிகை எனப்படும் கண்ணாடிக் கட்டடத்தை வகுத்தவர். அவருடைய அன்னாசியைத் தம் அன்னாசி விஞ்சவேண்டும் என்பது ஸ்டீவன்சனின் ஆசை. அயலார் பாத்தியில் நான்கு பென்னிக்குக் களையெடுத்த கை, கோமகனின் தோட்டத்தோடு போட்டியிட்டது!

தோட்டத்திலும் அவர் எஞ்சினியராகவே இருந்தார். முலாம்பழம் கொடியில் தொங்கும்போது அதன் எடை காம்பை இழுக்கிறது. இழுபட்ட காம்பில் சாறு தடையின்றி ஓடாது என்று கருதினார். கம்பி வலையாற் கூடைகள் செய்து, பழத்தை அவற்றில் தாங்கி நிறுத்தினார். பாலத்தின் சுமையைத் தூணுக்கு மாற்றுவது போன்ற கணக்குத்தான் இது. வெள்ளரிக்காய் மட்டும் அவருக்குப் பணியவில்லை. எப்படி வைத்தாலும் கோணிக்கொண்டே வளர்ந்தது. சதுப்பு நிலத்தின் மீதும் இருப்புப் பாதையை நேராகக் கொண்டு சென்றவருக்கு இஃது எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும்! கடைசியில் நியூகாசிலில் கண்ணாடிக் குழாய்கள் செய்வித்து, பிஞ்சிலேயே காயை அவற்றுள் புகுத்தினார். வேறு வழியின்றிக் காய் நேராக வளர்ந்தது. அந்த முதற் காயை வீட்டிற்குள் எடுத்துச் சென்று விருந்தினரிடம் பெருமையுடன் காட்டினாராம். நாய்வாலை நிமிர்த்த முடியாது என்பர் நம் முன்னோர். வெள்ளரியை நிமிர்த்தலாம் என்று ஒருவர் காட்டிவிட்டார்.

1848 ஆகஸ்டு 12 ஆம் நாள் டாப்டனிலேயே அவர் காலமானார். அவருடைய குழாய்களில் ஒன்று செஸ்டர்ஃபீல்டு பொருட்காட்சி சாலையில் இருக்கிறது.

இனி ஸ்டீவன்சனின் லிவர்பூல் பாதை திறக்கப்படுவதற்குப் பதினைந்து நாள் முன்னர், அதாவது 1830 ஆகஸ்டு 31 அன்று, எட்வின் பட்டிங் என்பவர் புல்வெட்டும் யந்திரத்துக்கு உரிமைப் பத்திரம் பெற்றார். ஸ்ட்ரௌடு நகரின் அருகே கம்பளித் துணி ஆலைகள் மிகுந்த பகுதியில் வேலை செய்தவர். துணியின் மேலெழும் பஞ்சு மயிரை, கத்திகள் பொருத்திய உருளை ஒன்று சுழன்று சுழன்று மழித்துச் சமன் செய்வதைப் பார்த்தார். துணியை மழிப்பது புல்லை மழிக்காதா என எண்ணினார். அதுவரை புல்தரை என்பது நீண்ட பிடி அரிவாள் ஏந்திய ஆட்களின் வேலை. பனி உலரும் முன்னரே புல் நன்றாக அறுபடும் என்பதால் அவர்கள் விடியலிலேயே வந்து வரிசையாய் நிற்பர். பட்டிங்கின் யந்திரம் இரும்பினால் ஆயது, 19 அங்குல அகலம் வெட்டுவது. ஒருவர் பின்னின்று தள்ள, தேவையானால் இன்னொருவர் முன்னின்று இழுக்கவேண்டும். கனவான்கள் இதனைத் தாமே தள்ளினால் உடலுக்கு நல்ல பயிற்சியும் பொழுதுபோக்கும் ஆகும் என்று உரிமைப் பத்திரத்திலேயே எழுதிவைத்தார். கனவான்கள் எத்தனை பேர் தள்ளினார்களோ! நம் இரயில்வே இன்ஸ்டிடியூட் மைதானத்தில் அதன் பேரப்பிள்ளையைத் தள்ளிப் பார்த்தவர் எவரும் அதனைப் பொழுதுபோக்கு என்று சொல்லமாட்டார்.

பின்னர் பெரிய யந்திரங்கள் வந்து, அவற்றைக் குதிரைகள் இழுத்தன. குளம்பு பதிந்தால் புல்தரை கெடும் அல்லவா? அதற்காகக் குதிரைக்குத் தோலினால் பாதணி தைத்து மாட்டினார்கள். இந்த நான்கு பாதணிகளை மேசைமேல் வைத்தால் அறிஞர்கள் என்ன சொல்வரோ அறியோம். ஆனால் இந்த யந்திரம் இல்லையேல் இன்று நாம் காணும் கிரிக்கெட் மைதானமும் டென்னிஸ் ஆடும் புல்தரையும் ஊருக்கு ஊர் பரவியிருக்க மாட்டா.

இவற்றினும் பழையது ஒரு மண் குடுவை. அடியிற் பல சிறு துளைகள். குறுகிய கழுத்தின் மேலே ஒரே ஒரு துளை. நீருள் அமிழ்த்தி நிரப்பி, மேல் துளையைக் கட்டைவிரலால் அடைத்துத் தூக்கினால் ஒரு சொட்டும் சிந்தாது. விரலை எடுத்தால் நாற்றின்மீது மழைபோற் சொரியும். நிரம்பும்போது களகளவென ஒலிப்பதாலும், பின்பு கண்ணீர் போல் வடிப்பதாலும் பிரெஞ்சுக்காரர் இதற்குப் ‘பாடி அழுவது’ என்று பொருள்படப் பெயரிட்டனர். காற்றுக்கு அழுத்தம் உண்டு என்பதை 1643 இல் டாரிசெல்லி பாதரசக் குழாயால் மெய்ப்பிக்கும் முன்பே, எழுத்தறியாத தோட்டக்காரர்கள் அந்த அழுத்தத்தைக் கட்டைவிரலால் ஆண்டு வந்தனர்.

இவை யாவினும் நம்மை மிகவும் கட்டியிழுப்பது வார்டு பெட்டி. நதானியேல் பாக்ஷா வார்டு என்பவர் கிழக்கு லண்டனில் ஏழைகள் நெருங்கி வாழ்ந்த பகுதியில் மருத்துவர். நிலக்கரிப் புகையால் அவர் வளர்த்த பெரணிச் செடிகள் யாவும் கருகி மாண்டன. 1829 இல் ஓர் அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவை ஈர மண்ணோடு ஒரு சீசாவில் இட்டு மூடி வைத்தார். பூச்சி வெளிவரும் முன்னர் மண்ணிலிருந்து ஒரு பெரணியும் ஒரு புல்லும் தளிர்த்தன. பகலில் ஈரம் ஆவியாகிக் கண்ணாடியில் துளிர்க்கும், மீண்டும் மண்ணில் விழும்; வெளியிலிருந்து நீரே வேண்டியதில்லை. அந்தச் செடிகள் அச்சீசாவிலேயே ஆண்டுக் கணக்காக உயிரோடிருந்தன.

அக்காலத்தில் கப்பலில் ஏற்றிய செடிகளில் பெரும்பகுதி உப்புக் காற்றிலும் நன்னீர்ப் பஞ்சத்திலும் மடிந்துவிடும். வார்டு, மரச்சட்டத்தில் கண்ணாடி பதித்து, இடுக்குகளை அடைத்து இரண்டு பெட்டிகள் செய்து, 1833 இல் பெரணிகளையும் புற்களையும் சிட்னிக்கு அனுப்பினார். பல மாதப் பயணத்துக்குப் பின்னும் அவை பசுமையாகவே சென்று சேர்ந்தன. 1845 இல் இங்கிலாந்து அரசு கண்ணாடி மீதிருந்த வரியை நீக்கியதும் கண்ணாடி மலிந்தது, பெட்டிகளும் பெருகின.

பின்பு நடந்தது உலகையே மாற்றிய கதை. ராபர்ட் ஃபார்ச்சூன் என்பவர் சீன உடை தரித்து அந்நாட்டின் உட்பகுதியில் உலவி, 1848 முதல் 1851 வரையிலான பயணத்தில் தேயிலைச் செடிகளை இப்பெட்டிகளில் கொல்கத்தாவுக்கு அனுப்பினார். 1860 இல் கிளெமென்ட்ஸ் மார்க்கம் என்பவர் தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையிலிருந்து சின்கோனா மரக்கன்றுகளைக் கொணர முயன்றார். அங்குள்ளவர்கள் அதனை விரும்பவில்லை. அவர்களுடைய செல்வம் அன்றோ? திருட்டு என்று நாம் சொன்னால் அது மிகையாகாது. அவர் கொண்டுவந்த கன்றுகள் செங்கடல் வெப்பத்தில் வாடி, உதகமண்டலம் சேர்ந்தபின் மாண்டன. ஆனால் 1861 ஏப்ரலில் ராபர்ட் கிராஸ் என்பவர் பெட்டிகளிற் கொணர்ந்த கன்றுகளில் நானூறுக்கு மேற்பட்டவை உயிரோடு உதகைக்கு வந்தன. அரசினர் தோட்டத்தின் மக்கைவர் அவற்றைப் பேணிப் பெருக்கினார். 1862 முதல் நடுவட்டத்தில் சின்கோனாத் தோட்டங்கள் எழுந்தன. மலாய்க் குடியேற்றங்களிலிருந்து அனுப்பப்பட்டிருந்த சீனக் கைதிகளும் அங்கு மண் வெட்டினர்.

அந்த மரப்பட்டையிலிருந்து வடித்ததே கொயினா. இருப்புப் பாதை போட்ட கூலிகளும் காட்டு ஸ்டேஷன்களில் தனித்திருந்த நம் முன்னோடி ஊழியரும் மலேரியாவால் எத்தனை எத்தனை பேர் மாண்டனர்! 1892 இல் வங்காளத்தில் தபாலாபீசுகள் வழியாகவே கொயினாப் பொட்டலங்கள் காலணா விலைக்கு விற்கப்பட்டன. கைகால் உதற, பற்கள் கிட்ட, குளிர் காய்ச்சலில் கிடந்தவர்கள் கசப்பைச் சகித்து விழுங்கிய அந்தப் பொடிக்குப் பின்னே, ஒரு மருத்துவரின் சீசாவும் ஒரு பூச்சியின் கூடும் இருந்தன.

ஆகாய விமானமும் பிளாஸ்டிக் பையும் வந்தபின் வார்டு பெட்டிக்கு வேலையில்லாமற் போயிற்று. லண்டனின் கியூ தாவரத் தோட்டத்துக்கு அத்தகைய பெட்டி கடைசியாக வந்து சேர்ந்தது 1962 இல், ஃபிஜித் தீவிலிருந்து. ஆயிரக்கணக்கில் செய்யப்பட்ட அவற்றுள் இன்று எஞ்சியவை மிகச் சில. மரம் உளுத்து, கண்ணாடி உடைந்து நிற்கும் அவற்றைப் பார்ப்பவர்கள் கோழிக்கூண்டு என்றே முதலில் நினைக்கக்கூடும்.