உப்பின் வெள்ளை, படத்தின் வெள்ளை

புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடக்கே போனால், கோட்டக்குப்பத்தைத் தாண்டிச் சிறிது தூரத்தில் பொம்மையார்பாளையம் வரும். மேற்கே ஆரோவில் பக்கத்துச் செம்மண் மேடு, மழை அறுத்த ஓடைகளோடு கடலை நோக்கி இறங்குகிறது. கிழக்கே வங்கக் கடல். அதே சாலையில் மேலும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள், பாத்தி பாத்தியாக, கோடையில் உப்பு அம்பாரங்களோடு கிடக்கும். சிவப்பும் நீலமும் வெள்ளையும் இவ்வளவு அடுத்தடுத்து, ஒன்றோடொன்று கலவாமல் நிற்கும் கரைகள் தமிழ்நாட்டில் அதிகமில்லை. அதனாலேயே இது டிஜிட்டல் கேமராவைத் தடுமாற வைக்கும் கரையும் ஆகிறது. கேமராக்காரர்கள் ‘ஒயிட் பேலன்ஸ்’ என்று சொல்லும் வெள்ளைச் சமன், கணினிக் காலத்தில் முளைத்த புதுப் பிரச்சினை என்று பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டு ஒளிப்படத் தொழிலின் நூற்றைம்பது ஆண்டுக் கதையைப் பார்த்தால் அப்படித் தோன்றவில்லை. தொடக்கம் முதலே கருவிக்கு ஒரு நிறச்சாய்வு இருந்தது. அதைத் திருத்த யாரோ ஒருவர் கைவேலை செய்துகொண்டே இருந்தார். இன்று அந்தக் கையின் இடத்தில் ஒரு கணக்கு உட்கார்ந்திருக்கிறது. அந்தக் கணக்கு இந்தக் கரையை அறியாதது என்பதால், அதை நம்பி விட்டுவிடக் கூடாது என்பதே என் வாதம்.

ஒளிப்படம் பிறந்ததே உப்பில்தான். 1830களில் இங்கிலாந்தில் வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்போட், சாதாரண உப்பு கரைத்த நீரில் தாளை ஊறவைத்து, அதன்மேல் வெள்ளி நைட்ரேட் பூசி, ஒளியில் கறுக்கும் தாளை உருவாக்கினார். கிடைத்த படம் மேலும் கறுக்காமல் நிற்க, செறிந்த உப்புக் கரைசலையே முதலில் பயன்படுத்தினார். அடுத்த சில பத்தாண்டுகள் படித்தாள்களில் உப்பு இருந்தே தீரும். ஆனால் வெள்ளி உப்புகளுக்கு ஒரு பிறவிக் குணம் உண்டு: அவை நீலத்துக்கும் ஊதாவுக்கும்தான் விழித்துக்கொள்ளும், சிவப்பு அவற்றுக்கு இருட்டு. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்த லின்னேயஸ் ட்ரைப், மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் படத்தொகுதிகளை 1858இல் வெளியிட்டார். அந்தக் காகித நெகட்டிவ்கள் நீல வானத்தை வெறும் வெள்ளையாகவே காட்டின. ட்ரைப் தம் நெகட்டிவ்களில் கைப்பட மேகம் வரைந்து வானத்தை நிரப்பியது ஒளிப்பட வரலாற்றில் பதிவான செய்தி. அப்படிப்பட்ட ஒரு நெகட்டிவில் பொம்மையார்பாளையத்துச் செம்மண் சரிவு விழுந்திருந்தால் ஏறக்குறையக் கரிமேடாகத் தெரிந்திருக்கும். அதன்மேல் நிற்கும் மனிதரின் பழுப்புத் தோல், கண்ணுக்குத் தெரிவதைவிட மிகவும் கறுத்துப்போயிருக்கும். கறுப்பு வெள்ளைப் படத்துக்கு நிறம் இல்லை என்பதால் அது நடுநிலையானது என்று எண்ணுவது தவறு. எந்த நிறம் எவ்வளவு வெளுக்கும் என்ற தீர்ப்பு அதற்குள்ளேயே எழுதப்பட்டிருந்தது, நம் மண்ணுக்கும் தோலுக்கும் பாதகமாக.

அந்தத் தீர்ப்பு மெதுவாகத்தான் மாறியது. 1873இல் ஜெர்மனியில் ஹெர்மன் வில்ஹெல்ம் ஃபோகல், சாயம் கலந்தால் ஒளிப்படத் தட்டு பச்சையையும் உணரும் என்று கண்டார். எல்லா நிறத்தையும் உணரும் தட்டுகள் 1906இல் விற்பனைக்கு வந்தன. இடைப்பட்ட காலத்திலும் அதற்குப் பின்னும் தமிழ்நாட்டு ஸ்டூடியோக்காரர்கள் வேதியியலுக்காகக் காத்திருக்கவில்லை. முகத்துக்குப் பவுடர் பூசினார்கள். நெகட்டிவின் முகப்பகுதியில் கூரான பென்சிலால் மெல்ல மெல்லக் கோடிழுத்தார்கள். நெகட்டிவில் கரி ஏறிய இடம் படத்தில் வெளுக்கும். பிறகு சாயத்தைத் தொட்டு உதட்டுக்கும் சேலைக்கரைக்கும் ‘கலர்’ போட்டார்கள். புதுச்சேரியில் 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், கோயில்களைப் பற்றிய பெரும் படக்காப்பகத்தை வளர்த்தது. பின்னாளில் அங்கிருந்த ஆய்வாளர்கள், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு, தமிழ்நாட்டின் பழைய ஸ்டூடியோப் படங்களையும் தேடித் தேடி எண்மப்படுத்தினார்கள். இத்தகைய படங்களை உற்றுப் பார்த்தால் தெரிவது ஒன்று: கருவி தந்ததை அப்படியே ஏற்ற தொழிலாளி அரிது. பென்சில் பிடித்த அந்தக் கைதான் அன்றைய வெள்ளைச் சமன். அது எப்போதும் நியாயமாக நடந்ததா என்று கேட்டால் இல்லை. கருவியின் சாய்வைத் திருத்துவதோடு நிற்காமல், தோலை உள்ளதைவிட வெளுப்பாக்கும் ஆசைக்கும் அதே பென்சில் இடம் கொடுத்தது. திருத்தமும் திரிபும் ஒரே கையில் பிறந்தன என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

வண்ண ஃபிலிம் வந்தபோது சாய்வு வேறு உருவம் எடுத்தது. கோடாக்ரோம் 1935இல் வந்தது. விரைவிலேயே ஃபிலிம் இரண்டு சாதியாகப் பிரிந்தது: பகல் வெயிலுக்கு ஒன்று, குண்டு பல்புக்கு ஒன்று. ஒளியின் நிறத்தைக் கெல்வின் என்ற அளவில் சொல்வார்கள். மெழுகுவத்திச் சுடர் ஏறக்குறைய 1900, ஸ்டூடியோ விளக்கு 3200, நடுப்பகல் வெயில் 5500, நீல வானம் மட்டும் ஒளி தரும் நிழல் 8000க்கும் மேல். எண் ஏற ஏற ஒளி நீலிக்கும். பகல் ஃபிலிமைப் பல்பின் கீழ் பயன்படுத்த வேண்டுமானால் 80ஏ என்ற நீலக் கண்ணாடி, பல்பு ஃபிலிமை வெயிலுக்குக் கொண்டுபோனால் 85பி என்ற ஆரஞ்சுக் கண்ணாடி. எது வெள்ளை என்பதை ஃபிலிம் ஆலை முன்கூட்டியே முடிவு செய்து பெட்டியில் அச்சிட்டு அனுப்பியது. தமிழ்நாட்டிலேயே ஓர் ஆலை இருந்தது. 1960இல் உதகமண்டலத்தில் பொதுத்துறை நிறுவனமாக அமைந்த இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், பிரான்ஸின் போஷே நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு ‘இந்து’ என்ற பெயரில் ஃபிலிம் தந்தது. ஆனால் அது பெரிதும் கறுப்பு வெள்ளைக்கும் எக்ஸ்ரேக்கும் பேர்போன ஆலை. வண்ணத்தின் அளவுகோல் வெளியிலிருந்தே வந்தது. கோடாக் நிறுவனம் அச்சு லேப்களுக்கு அனுப்பிய மாதிரி அட்டையில் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண்ணின் படம் இருந்தது. தொழிலில் அதற்கு ‘ஷர்லி கார்டு’ என்று பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி. பலவகைத் தோல்களைக் கொண்ட அட்டைகள் 1990களில்தான் வந்தன. அதுவரை பழுப்புத் தோலைப் பார்த்து இயந்திரத்தைத் திருத்தியவர், பெயர் தெரியாத லேப் ஆபரேட்டர்தான். டியூப் லைட் எரியும் கல்யாண மண்டபத்தில் எடுத்த படங்களில் முகமெல்லாம் பச்சை பாய்ந்திருக்கும்; அதை இழுத்துப் பிடித்து மணப்பெண்ணின் கூறைப்புடவையை மீண்டும் அரக்காக்கியவர் அவரே.

டிஜிட்டல் கேமரா அந்த ஆபரேட்டரை வேலையிலிருந்து எடுத்துவிட்டது. கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976இல் காப்புரிமை பெற்ற வடிவப்படி, சென்சாரின் ஒவ்வொரு புள்ளியின்மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று ஒரு வடிகட்டி உட்காரும்; பச்சைக்கு இரண்டு பங்கு. சென்சார் தரும் மூலக்கணக்கைத் திருத்தாமல் பார்த்தால் படமே பச்சை பாய்ந்து தெரியும். சிவப்பையும் நீலத்தையும் தக்க எண்களால் பெருக்கி, நடுநிலைச் சாம்பல் மூன்றிலும் சமமாக விழும்படி செய்வதே வெள்ளைச் சமன். எந்த எண்ணால் பெருக்குவது? தானியங்கி முறையின் அடிப்படை ஊகங்களில் ஒன்றை 1980இல் புக்ஸ்பாம் கணிதமாக எழுதினார்: ஒரு காட்சியில் உள்ள எல்லா நிறங்களையும் கலந்தால் சராசரி சாம்பலாகத்தான் வரும். பல நிறக் கடைகள் நிற்கும் தெருவுக்கு இந்த ஊகம் ஓரளவு பொருந்தும். பொம்மையார்பாளையத்துச் செம்மண் சரிவு சட்டகத்தை நிறைத்தால் பொருந்துமா? சராசரி சிவப்பாக வருகிறது; விளக்குதான் சிவப்பு என்று கணக்கு முடிவுசெய்து, நீலத்தைக் கூட்டிச் சிவப்பைக் குறைக்கிறது. மண் சாயம் போன பழுப்பாகிறது. திரும்பிக் கடலை எடுத்தால் எதிர்த்தவறு. நீலத்தை விளக்கின் குற்றமாகக் கருதி மஞ்சள் ஏற்றுகிறது, நுரை அழுக்காகிறது. இன்றைய கேமராக்களும் கைபேசிகளும் இதைவிடச் சிக்கலான கணக்குப் போடுகின்றன என்பது உண்மை. ஆனால் ஒரே நிறம் சட்டகத்தை ஆளும்போது, விளக்கின் நிறத்தையும் பொருளின் நிறத்தையும் பிரித்தறியும் சான்று படத்துக்குள் இல்லாமல் போகிறது. சான்றில்லாத இடத்தில் எந்தக் கணக்கும் ஊகமே.

சரி, இந்தக் கரையில் வெள்ளைக்கா பஞ்சம்? உப்பைக் காட்டிச் சமன் வைத்தால் போதாதா என்ற கேள்வி இயல்பானது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினத்தை மரக்காணத்தோடு சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளர்கள் உண்டு. அத்தனை பழைய நெய்தல் நிலத்தின் உப்பைவிட வெள்ளைக்கு வேறென்ன சாட்சி வேண்டும்? ஆனால் உப்புப் படிகத்துக்கு நிறமே கிடையாது. நொறுங்கிய முகங்கள் ஒளியை நாலாபக்கமும் சிதறடிப்பதால் குவியல் வெள்ளையாகத் தெரிகிறது. எந்த ஒளி விழுகிறதோ அந்த நிறத்தையே அது திருப்பித் தருகிறது. காலைச் சூரியன் கடல்மேல் எழும்போது அம்பாரத்தின் கிழக்கு முகம் பொன்மஞ்சள், வானம் மட்டும் பார்க்கும் மேற்கு முகம் நீலம். களிமண் தரையிலிருந்து வாரிய உப்பில் சாம்பல் பூத்த சாயல் இருக்கும். செறிந்த உவர்நீரில் பெருகும் நுண்ணுயிர்கள் பாத்தியைச் சிவக்கச் செய்வதும் உண்டு. போதாததற்கு, நடுப்பகலில் உப்பு அவ்வளவு ஒளிர்வதால் சென்சாரின் ஒரு நிறம் நிரம்பி வழிந்துவிடும். வழிந்தபின் மூன்று நிறங்களின் விகிதம் பொய். வேட்டியைக் காட்டலாமா என்றால், நம் வீடுகளில் வெள்ளை வேட்டி சொட்டுநீலத்தில் நனைந்தே கொடிக்குப் போகிறது. அந்த நீலத்தைச் சாம்பலாகக் கருதிச் சமன் வைத்தால் முகமெல்லாம் மஞ்சள் ஏறும். வீரசைவ மரபில் வந்த பொம்மபுர ஆதீனத்தோடு இவ்வூர்ப் பெயரைச் சேர்த்துச் சொல்வார்கள். அந்த மரபின் திருநீறும் வெண்ணீறு என்று பெயர் பெற்றதே தவிர, சாணம் எரிந்த விதத்தைப் பொறுத்துச் சாம்பலும் பழுப்பும் கலந்தது. நாம் வெள்ளை என்று அழைப்பவை எல்லாம் வழக்கத்தால் வெள்ளை. 18 விழுக்காடு ஒளியை மட்டும் திருப்பித் தரும் சாம்பல் அட்டை அழகில்லாத பொருள்தான். ஆனால் எந்த நிறத்தின் பக்கமும் சாயாமல், வழிந்தும் போகாமல் நிற்பது அதுவே. படம் எடுக்கப்படும் பொருளின் மீது விழும் அதே ஒளியில் அட்டையைப் பிடித்து, அதை முழுச் சட்டகமாக எடுத்து, கேமராவின் ‘கஸ்டம்’ அமைப்பில் கொடுத்தால் ஊகத்துக்கு வேலை இல்லை.

இதற்கு வரும் மறுப்புகளில் ஒன்று கனமானது. கண்ணே தன்னைத் தானே திருத்திக்கொள்கிறது. ஒளி மாறினாலும் வேட்டி வேட்டியாகவே தெரிகிறது. இல்லாத ‘உண்மை நிறத்தை’ எதற்குத் தேட வேண்டும்? கண் பழகிக்கொள்ளும் இந்த இயல்பை 1902இல் யோஹன்னஸ் ஃபோன் கிரீஸ், மூன்றுவகை உணர்வுகளும் தனித்தனியே கூடிக் குறைவதாக விளக்கினார். கேமரா செய்யும் பெருக்கல் அவர் சொன்னதன் நகல்தான். ஆனால் கண் பழகுவது தான் நிற்கும் இடத்து ஒளிக்கு. கரையில் நின்றவரின் கண் கரைக்குப் பழகியது. வீட்டில் படம் பார்ப்பவரின் கண் அறை விளக்குக்குப் பழகியிருக்கிறது. அந்த இடைவெளியை யாராவது நிரப்பித்தான் ஆக வேண்டும். இரண்டாவது மறுப்பு அழகைப் பற்றியது: விடியலின் பொன்னை அட்டை வைத்து அழித்துவிட்டால் படத்தில் என்ன மிச்சம்? இதில் நியாயம் இருக்கிறது. விடியல் ஒளியையே நடுநிலையாக்கிவிட்டால் காலை ஆறு மணியும் நண்பகலும் ஒன்றாகிவிடும், அதுவும் பொய்யே. அங்கே சமனை வெயிலுக்கான 5500இல் நிறுத்திவைப்பது நல்லது. பழைய பகல் ஃபிலிம் அப்படித்தான் இருந்தது. காலை காலையாகவும் பகல் பகலாகவும் ஒன்றையொன்று ஒப்பிடும்படி விழுந்தன. துல்லியம் என்றால் எல்லாவற்றையும் வெளுக்கவைப்பது என்று பொருளில்லை, அளவுகோல் படத்துக்குப் படம் நழுவாமல் இருப்பது என்றே பொருள். தானியங்கியின் பெரிய குறை, அது தவறுவது மட்டுமன்று. அடுத்தடுத்த இரண்டு படங்களில் இரண்டு விதமாகத் தவறுவது.

மூல வடிவில் படத்தைச் சேமித்துவிட்டால் பிறகு திருத்திக்கொள்ளலாமே என்பதும் சொல்லப்படும். திருத்தலாம், திருத்துவதற்கு ஒரு சாட்சி சட்டகத்துக்குள் இருந்தால். நினைவை நம்பித் திருத்துகிறவர், செம்மண்ணைத் தாம் விரும்பும் செம்மைக்கே கொண்டுபோவார். ஸ்டூடியோவின் பென்சிலுக்கு நேர்ந்தது அவருக்கும் நேரும். இது வெறும் ரசனைப் பிரச்சினையாக இருந்தால் இவ்வளவு வலியுறுத்தத் தேவையில்லை. 1980களின் இறுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்கு அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தபின், தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துவந்த மணல் தடுக்கப்பட்டது. வடக்குப் பக்கத்து மீனவக் கிராமங்களின் கரையைக் கடல் தின்கிறது. 1968இல் ஆரோவில் தொடங்கியபோது வெறும் செம்மண் பொட்டலாக இருந்த மேடு இன்று காடாகியிருக்கிறது. எங்கே மண் முடிந்து மணல் தொடங்கியது, மழைக்குப்பின் ஓடைநீர் கடலில் எவ்வளவு தூரம் சிவந்து கலந்தது என்பதையெல்லாம் வருங்காலத்தில் ஒருவர் பழைய படங்களில்தான் தேடுவார். மண்ணின் நிறம் அப்போது சான்று. ஒரு படத்தில் பழுப்பாகவும் மறு படத்தில் ஆரஞ்சாகவும் கிடக்கும் மேட்டை வைத்து அவர் எதையும் அளக்க முடியாது.

எந்த அட்டையும் உதவாத ஒளியும் உண்டு. உப்பிலுள்ள சோடியத்தையே ஆவியாக்கி எரியவைக்கும் தாழ் அழுத்த விளக்கு, 589 நானோமீட்டர் அருகே ஏறக்குறைய ஒரே அலைநீளத்தில் மஞ்சளை மட்டும் கக்கும். அதன் கீழ் சிவப்புச் சேலைக்கும் நீலச் சேலைக்கும் வேறுபாடு ஒளியிலேயே இல்லை. இல்லாததைப் பெருக்கினாலும் பூஜ்யம்தான். நம் தெருக்களில் மிகுதியாக நின்ற உயர் அழுத்த சோடியம் விளக்குகள் இவ்வளவு மோசமில்லை, ஓரளவு மீட்கலாம். இப்போது எல்இடி வந்து அவற்றை அகற்றிவருகிறது. மங்கிய வண்ணப் படங்களை மீட்பவர்களின் நிலையும் ஓரளவு இத்தகையதே. பழைய வண்ணத்தாள்கள் பலவற்றில் இருட்டுப் பெட்டிக்குள்ளேயே நீலப்பச்சைச் சாயம் முதலில் கரைந்து, படம் முழுக்கச் சிவந்து நிற்கும். எடுத்த நாளில் யாரும் சாம்பல் அட்டை வைக்கவில்லை. மீட்பவர் முதலில் தாளின் வெள்ளை ஓரத்தைப் பார்க்கிறார். அதுவும் மஞ்சளித்திருந்தால் படத்துக்குள் நுழைந்து, பின்வரிசையில் நிற்கும் பெரியவரின் வேட்டியைத் தேடுகிறார். அந்த வேட்டி எவ்வளவு நீலத்தில் முக்கப்பட்டது என்று கணித்துவிட்டே அவர் முன்வரிசை முகங்களுக்கு வருகிறார்.