ஒரே மன்றம், மூன்று வழக்குகள்

சர்ச்கேட் நிலையத்தில் மின்ரயிலை விட்டிறங்கி, ஓவல் மைதானத்தின் ஓரமாக நடந்து அலுவலகம் செல்லும் நம்மவர், நேர் எதிரே உயர்ந்து நிற்கும் கருங்கல் மாளிகையைக் கண்டிருப்பர். 1878 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பெற்ற பம்பாய் உயர் நீதிமன்றம் அது. நகரின் பெயர் மும்பை என மாறிய பின்னரும் நீதிமன்றத்தின் பெயர் மாறவில்லை. மாளிகையின் உச்சியில் நீதிக்கு ஒரு சிலையும் கருணைக்கு ஒரு சிலையும் உள்ளன. இரண்டும் எப்பொழுதும் சேர்ந்தே நிற்கின்றன. கீழே உள்ள அறைகளில் அப்படி இருந்ததா என்பதைத்தான் இன்று நாம் ஆராய முற்படுகிறோம்.

கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் 1862 இல் உயர் நீதிமன்றங்கள் தோன்றின. பம்பாயில் முதலில் அமர்ந்தவர் ஏழு நீதிபதிகள். நீதிபதிகளுள் மூன்றிலொரு பங்கினர் பாரிஸ்டர்களாகவும், மூன்றிலொரு பங்கினர் சிவில் சர்விஸ் அதிகாரிகளாகவும் இருத்தல் வேண்டும் என்பது அன்றைய விதி. இந்தியர் ஒருவர், நானாபாய் ஹரிதாஸ், அவ்வாசனத்தில் நிரந்தரமாக அமர 1884 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னர் தெலாங், ரானடே, பத்ருதீன் தயாப்ஜி முதலியோர் வந்தனர். 1887 இல் சென்னையில் கூடிய காங்கிரசுக்குத் தலைமை வகித்தவர் இந்தத் தயாப்ஜியே.

1897 இல் பாலகங்காதர திலகர், 'கேசரி' இதழில் வெளிவந்த எழுத்துக்காக இராஜத்துரோகக் குற்றம் சாட்டப்பெற்றார். ஜாமீன் கோரிய மனு முன்பே மறுக்கப்பட்டிருந்தது. வழக்கு செஷன்சுக்கு வந்ததும் பாரிஸ்டர் தாவர் மீண்டும் மன்றாடினார். நீதிபதி தயாப்ஜி ஜாமீன் அளித்தார். ஆயினும் விசாரணை நடத்தியவர் நீதிபதி ஸ்டிரேச்சி. அரசின்பால் அன்பு இன்மையே விரோதம் என்ற பொருள்பட அவர் ஜூரிக்குச் சட்டத்தை விளக்கினார். அன்பு செய்யாதவனெல்லாம் குற்றவாளி என்றால், அந்நாளில் வெளியே எத்தனை பேர் மிஞ்சியிருப்பர்! ஐரோப்பியர் அறுவர் குற்றவாளி என்றனர். இந்தியர் மூவர் அல்லர் என்றனர். பதினெட்டு மாதக் கடுங்காவல் கிடைத்தது.

பதினொரு ஆண்டுகள் சென்றன. 1908 இல் திலகர் மீண்டும் கூண்டேறியபொழுது, ஆசனத்தில் இருந்தவர் அதே தாவர். முன்னே இவருக்காக ஜாமீன் கேட்டவர், இப்பொழுது இளம் பாரிஸ்டர் ஜின்னா கேட்ட ஜாமீனை மறுத்தார். காரணங்களை விரித்துரைப்பது நன்றன்று என்றும் நிறுத்திக்கொண்டார். வக்கீலின் வாதம் வேறு, நீதிபதியின் கடமை வேறு என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம். எனினும் காரணம் கூறாத தீர்ப்பை ஏற்பது எளிதன்று. திலகர் தமக்காகத் தாமே வாதாடினார். நாள்கள் பல தொடர்ந்து, இருபத்தோரு மணி நேரத்துக்கு மேல் பேசினார். ஜூலை 22 அன்று இரவு, எழுவர் குற்றவாளி என்றும் இருவர் அல்லர் என்றும் ஜூரியினர் கூற, ஆறாண்டு தீவாந்தரமும் ஆயிரம் ரூபாய் அபராதமும் விதிக்கப்பட்டன. பம்பாய் ஆலைத் தொழிலாளர் ஆறு நாள் வேலையை நிறுத்தினர். அதே மாதத்தில்தான் திருநெல்வேலியில் வ.உ.சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. சென்னை உயர் நீதிமன்றம் பின்னர் அதைக் குறைத்தது.

மாந்தளையிலிருந்து மீண்ட திலகர் சுயராச்சியம் வேண்டிப் பேசலானார். 1916 இல் நன்னடத்தைக்கு இருபதினாயிரம் ரூபாய் பிணைப்பத்திரம் எழுதித் தரும்படி பூனா மாஜிஸ்திரேட்டு கட்டளையிட்டார். வழக்கு மூன்றாம் முறையாக உயர் நீதிமன்றப் படியேறியது. வாதாடியவர் ஜின்னா, கேட்டவர் நீதிபதிகள் பாச்சிலர், லல்லுபாய் ஷா. ஒரு பேச்சை அங்கங்கே கிள்ளி எடுத்துப் படிக்கலாகாது, முழுதும் படித்தே அதன் கருத்தை அறிதல் வேண்டும் என்று அவர்கள் கொண்டனர். மாஜிஸ்திரேட்டின் கட்டளை தள்ளுபடியாயிற்று. சட்டத்தில் 124-ஏ பிரிவு முன்போலவே இருந்தது. ஆட்சியும் அதே ஆட்சி. அதற்கோ யுத்த காலம். மாறியவை, அச்சொற்களைப் படித்த கண்கள் மட்டுமே. பாச்சிலர் ஆங்கிலேயர் என்பதையும், தாவர் பம்பாயில் வாழ்ந்த பார்சி என்பதையும் நேயர்கள் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். நம்மவர், பிறர் என்று பிரித்துவிட்டால் இவ்வரலாறு விளங்காது.

விடுதலைக்குப் பின் இந்நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியானவர் எம்.சி.சாக்ளா. ஜின்னாவின் அலுவலகத்தில் தொழில் பயின்றவர் இவர். 1956 இல், திலகர் பிறந்து நூறாண்டு நிறைந்தபொழுது, தாவர் தண்டனை விதித்த அந்த 46 ஆம் எண் அறைக்கு வெளியே ஒரு கல்வெட்டை இவர் திறந்துவைத்தார். அன்று நடந்தது சட்டத்தின் எழுத்துக்கு ஒத்ததாக இருந்திருக்கலாம், ஆனால் உண்மையான நியாயம் மறுக்கப்பட்டது என்ற கருத்துப்படப் பேசினார். எதிர்க்கட்சி மேடையில் எழுந்த பேச்சன்று அது. தண்டனை விதித்த அதே நீதிமன்றத்தின் தலைவர் அதே மாளிகையில் நின்று கூறியது. தீர்ப்பைக் கேட்டதும் திலகர் கூறிய மறுமொழியே அக்கல்லில் பொறிக்கப்பெற்றுள்ளது. தண்டித்த நீதிபதியின் சொற்களுக்கு அதில் இடமில்லை.