பிரையன்ட் பூங்கா, நியூ யோர்க்

இக் கட்டுரை நியூ யோர்க் நகரப் பூங்கா பற்றியது. கொடைக்கானலில் இதே பெயரில் உள்ள பூங்காவுக்கு, பிரையண்ட் பூங்கா (கொடைக்கானல்) கட்டுரையைப் பார்க்க.

பிரையன்ட் பூங்கா, ஐக்கிய அமெரிக்காவின் நியூ யோர்க் நகரில், மான்ஹட்டனின் 40 ஆம், 42 ஆம் தெருக்களுக்கு இடையே, நியூ யோர்க் பொது நூலகத் தலைமைக் கட்டடத்தின் பின்புறம் அமைந்துள்ள ஒரு பொதுப் பூங்கா ஆகும். 1988 இல் மூடப்பட்டு 1992 இல் மீண்டும் திறக்கப்பட்ட இதன் சீரமைப்பு, பழைய வடிவமைப்பைச் சிதைக்காமல் ஒரு பூங்காவின் பயன்பாட்டை மாற்றியமைத்ததற்கு எடுத்துக்காட்டாகக் கூறப்படுகின்றது.

== வரலாறு ==

1823 முதல் 1840 வரை இவ்விடம் ஏழைகளையும் உரிமை கோரப்படாதவர்களையும் புதைக்கும் இடுகாடாக இருந்தது. 1842 இல் இதன் கிழக்குப் பகுதியில், நகருக்குக் குடிநீர் வழங்கும் குரோட்டன் நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. 1847 இல் எஞ்சிய நிலம் "நீர்த்தேக்கச் சதுக்கம்" என்னும் பெயரில் பூங்காவாகத் திறக்கப்பட்டது. 1853 இல் உலகத் தொழிற் கண்காட்சிக்காக இங்கே இரும்பாலும் கண்ணாடியாலும் எழுப்பப்பட்ட பளிங்கு மாளிகை, 1858 இல் தீக்கிரையானது.

1884 இல், கவிஞரும் செய்தித்தாள் ஆசிரியருமான வில்லியம் கலன் பிரையன்ட்டின் நினைவாகப் பூங்காவுக்கு இப்போதைய பெயர் இடப்பட்டது. நீர்த்தேக்கம் அகற்றப்பட்ட இடத்தில் எழுந்த நூலகம் 1911 இல் திறக்கப்பட்டது. 1920 களில் சுரங்கத் தொடருந்துப் பாதை அமைக்கும் பணிகளால் பூங்கா பெரிதும் சீர்குலைந்தது.

== 1934 ஆம் ஆண்டு வடிவமைப்பு ==

கட்டடக்கலைஞர் லஸ்பி சிம்ப்சனின் வடிவமைப்பைப் பின்பற்றி, நகரப் பூங்கா ஆணையர் ராபர்ட் மோசசின் பொறுப்பில் 1934 இல் பூங்கா புதிதாக அமைக்கப்பட்டது. நடுவில் பரந்த புற்றரை, அதனைச் சுற்றிக் கற்கைப்பிடிச் சுவர், இரு பக்கமும் வரிசையாக இலண்டன் பிளேன் மரங்கள் என்பன இதன் முக்கிய கூறுகள். தெரு இரைச்சலிலிருந்து விலகிய அமைதியான இடமாக இருக்கவேண்டும் என்பதற்காகத் தரைமட்டம் தெருவைவிட உயர்த்தப்பட்டு, வேலியும் புதர்களும் அமைக்கப்பட்டன.

இந்த ஒதுக்கமே பிற்காலத்தில் பூங்காவுக்குக் கேடாக முடிந்தது. 1970 களில், தெருவில் செல்வோர் கண்ணுக்குப் புலப்படாத இவ்விடம் போதைப்பொருள் விற்பனைக்கு வசதியானதாகியது. பொதுமக்கள் வருவதைத் தவிர்த்தனர். எனினும் 1974 இல் நகரின் மரபுச்சின்னப் பாதுகாப்பு ஆணையம் பூங்காவை எழில்சார் மரபுச்சின்னமாக அறிவித்தது. இதனால், பின்னர் செய்யப்படும் எந்த மாற்றத்துக்கும் ஆணையத்தின் ஒப்புதல் தேவையாயிற்று.

== சீரமைப்பு ==

பூங்காவை மீட்பதற்காக 1980 இல் ஒரு தனியார் இலாப நோக்கற்ற நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது. பொது இடங்களில் மக்கள் நடந்துகொள்ளும் முறையை ஆராய்ந்த வில்லியம் எச். வைட், இப் பூங்காவின் சிக்கல் குற்றச்செயல் மட்டுமன்று என்றும், மக்கள் உள்ளே வரத் தயங்கும்படி அது அமைந்திருப்பதே அடிப்படைக் காரணம் என்றும் விளக்கினார். நிலத்தோற்ற வடிவமைப்பாளர் லோரி ஒலின் இக் கருத்தைத் தழுவிச் சீரமைப்பை வடிவமைத்தார்.

பழமையைக் காப்பதா, பயன்பாட்டுக்காக மாற்றுவதா என்பதே இங்கு எழுந்த முதன்மையான கேள்வி. இதற்குக் காணப்பட்ட தீர்வு பின்வருமாறு:

* '''காக்கப்பட்டவை:''' நடுப் புற்றரை, மர வரிசைகள், சிலைகள், 1912 இல் நிறுவப்பட்ட யோசபின் ஷா லோவல் நினைவு நீரூற்று.
* '''மாற்றப்பட்டவை:''' பார்வையை மறைத்த புதர்கள் அகற்றப்பட்டன, வாயில்கள் அகலப்படுத்தப்பட்டன, கைப்பிடிச் சுவரில் புதிய திறப்புகள் அமைக்கப்பட்டன.
* '''சேர்க்கப்பட்டவை:''' லிண்டன் மில்லர் வடிவமைத்த மலர்ப் படுகைகள், சிற்றுண்டிக் கடைகள், விரும்பிய இடத்துக்கு நகர்த்தக்கூடிய நாற்காலிகள்.

நாற்காலிகளைத் தரையில் பிணைக்காமல் விட்டது வைட்டின் ஆய்வைப் பின்பற்றியதாகும். வெயிலையோ நிழலையோ, தனிமையையோ கூட்டத்தையோ தெரிவு செய்யும் உரிமை இருந்தால் மக்கள் நெடுநேரம் தங்குவர் என்பது அவர் கண்டது.

இதே காலத்தில் புற்றரை தோண்டப்பட்டு, அதன் அடியில் நூலகத்துக்கான இரண்டு தள நூற்களஞ்சியம் கட்டப்பட்டது. அதன் மேல் மண் நிரப்பிப் புற்றரை மீண்டும் அமைக்கப்பட்டமையால், வெளித்தோற்றத்தில் மாற்றம் தெரியவில்லை.

== விமர்சனங்கள் ==

முன்பு முன்மொழியப்பட்ட பெரிய உணவகத் திட்டம், பொது நிலத்தை வணிகத்துக்கு விடுவதாகும் என்ற எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. அதனினும் சிறிய உணவகம் ஒன்று 1995 இல் நூலகத்தின் பின்சுவரை ஒட்டித் திறக்கப்பட்டது. நகருக்குச் சொந்தமான பூங்காவைத் தனியார் நிறுவனம் நிர்வகிப்பதும் விவாதத்துக்கு உரியதாகியது. சமூகவியலாளர் சாரன் சூக்கின், இத்தகைய ஏற்பாட்டில் வசதி படைத்தோரின் விருப்பமே பொது இடத்தின் ஒழுங்காகிவிடுகிறது என்றும், வீடற்றோர் போன்றவர்கள் விலக்கப்படுகின்றனர் என்றும் விமர்சித்தார். பாதுகாப்பு உணர்வு கூடியதையும் பெண்கள் பெருமளவில் வருவதையும் ஆதரவாளர்கள் சுட்டிக்காட்டினர்.

== இவற்றையும் பார்க்க ==

* சென்ட்ரல் பூங்கா
* நியூ யோர்க் பொது நூலகம்
* நிலத்தோற்றக் கட்டடக்கலை