மைக் கட்டியாச்சா?

பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்குப் பந்தல் போட்டால், அடுத்த கேள்வி "மைக் கட்டியாச்சா?" என்பதுதான். புளியமரத்தில் கட்டும் குழாய், ஆம்ப்ளிபயர், ஒயர் எல்லாம் சேர்ந்து அங்கே மைக். எழுத்துத் தமிழ் இதை ஏற்காது. பேச்சை வாங்குவது ஒலிவாங்கி, பெருக்குவது ஒலிபெருக்கி என்று பிரித்துவிடும்.

சொல்லின் பிறப்பைப் பார்த்தால் ஊர்வழக்கில் பிழை சொல்ல முடியாது. கிரேக்கத்தில் மைக்ரோஸ் என்றால் சிறியது, ஃபோனே என்றால் ஒலி. 1827-இல் சார்லஸ் வீட்ஸ்டன், மெல்லிய ஒலியைக் காதில் சேர்க்கும் மின்சாரமில்லாத கருவிக்கு மைக்ரோஃபோன் என்று பெயர் வைத்தார். 1878-இல் லண்டனில் டேவிட் ஹியூஸ் அதை மின்கருவிக்குச் சூட்டினார். இரண்டு கரித்துண்டுகள், நடுவே தளர்வாக நிற்கும் கரிக்குச்சி, பேட்டரி, கேட்க ஒரு தொலைபேசி, அவ்வளவுதான். ஈ நடக்கும் சத்தம்கூடக் கேட்டதாம்! மனிதர் காப்புரிமையும் வாங்கவில்லை.

ஈயின் காலுக்கு அவ்வளவு வலு ஏது? அதிர்வில் கரி அழுந்தினால் மின்தடை குறையும், தளர்ந்தால் கூடும். பேட்டரி மின்னோட்டம் அதற்கேற்ப ஏறி இறங்கும். வாணியாறு அணையில் ஷட்டரைத் திருகுபவரின் கைபலமா வயலுக்குப் பாய்கிறது? ஆக, கரி மைக்கே வாங்கி, அதுவே பெருக்கி. கரித்துகள் அடைத்த வடிவில் அது கறுப்புத் தொலைபேசிகளில் நெடுங்காலம் வாழ்ந்தது. துகள் இறுகிப்போனால் ரிசீவரை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் பேசுவார்கள்.

கரியில் இரைச்சல் அதிகம். பின்னால் வந்த, காந்தமும் கம்பிச்சுருளும் கொண்ட மைக் பேச்சைத் தெளிவாக வாங்கும். தருவதோ சில மில்லிவோல்ட்தான். அதைத் தூக்கிவிட லீ டி ஃபாரஸ்ட் 1906-இல் உருவாக்கிய மூன்று முனை வால்வின் வழிவந்தவை வேண்டியிருந்தன, பிறகு டிரான்சிஸ்டர். பெருக்கும் வேலை தனிப் பெட்டிக்குப் போனது. இரண்டு சொற்களுக்கும் அங்கேதான் நியாயம் பிறக்கிறது. குழாய் முன்னால் மைக்கை நீட்டினால், வந்த ஒலியே மறுபடி உள்ளே போய்ப் பெருகி "ஊய்" என்று கத்தும். பிரித்ததை அது சேர்த்துவைக்கிறது போலும்.

குழாய்க்குச் செய்தித்தாள் வைத்த பெயர் கூம்பு வடிவ ஒலிபெருக்கி. தடைச் செய்திகளைத் தவிர வேறெங்கும் அச்சொல் அதிகம் புழங்குவதில்லை. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கிக்குத் தடை விதிக்கின்றன. ஊரில் அதற்கு, "பத்து மணிக்கு மைக்கை நிறுத்தணும்."